ஆசிய முகங்களில் மூக்குச் சீரமைப்பு

மூக்கின் வடிவத்தை மாற்றியமைக்கும் அறுவைச் சிகிச்சை மருத்துவ வழக்கில் ரைனோபிளாஸ்டி எனப்படுகிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இச்சிகிச்சை பெரும்பாலும் மூக்கைச் சிறிதாக்கும் கலையாகவே வளர்ந்தது. புடைத்த தண்டைச் சீவுவதும், நுனியின் குருத்தெலும்பைக் குறைப்பதும், அகன்ற எலும்பை உட்புறமாக நெருக்குவதும் அதன் முதன்மையான வேலைகளாக இருந்தன. கொரியா, சீனா, ஜப்பான், வியட்நாம், தாய்லாந்து முதலிய நாட்டவரிடத்தும், அந்நாடுகளிலிருந்து புலம்பெயர்ந்து மேலை நாடுகளில் வாழ்வோரிடத்தும் செய்யப்படும் சிகிச்சையோ இதற்கு நேர் எதிரான திசையில் செல்கிறது. அங்கே தண்டு உயர்த்தப்படுகிறது, நுனி முன்னுக்கு நீட்டப்படுகிறது, அதற்காக ஏதேனும் ஒரு பொருள் தோலுக்கு அடியில் வைக்கப்படுகிறது. அவ்வாறு வைக்கப்படும் பொருள் எது, அது எங்கிருந்து எடுக்கப்பட்டது, தோல் அதை எத்தனை ஆண்டுகள் தாங்கும் என்னும் கேள்விகளே அந்த மூக்கின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கின்றன.

மூக்கின் அமைப்பு

மூக்கை மேல், நடு, கீழ் என மூன்று பகுதிகளாகப் பிரித்து நோக்குவது மருத்துவர்களின் வழக்கம். புருவங்களுக்கு இடையிலிருந்து தொடங்கும் மேற்பகுதி இரண்டு சிறிய எலும்புகளால் ஆனது. நடுப்பகுதியும் நுனியும் வளைந்துகொடுக்கும் தன்மையுள்ள குருத்தெலும்பால் ஆனவை. இரு நாசித் துளைகளையும் பிரிக்கும் இடைச்சுவரின் முன்பாதியும் குருத்தெலும்பே. தண்டையும் நுனியையும் உள்ளிருந்து தாங்கி நிற்கும் தூண் அதுதான். இந்தச் சட்டகத்தின் மீது தசையும் கொழுப்பும் தோலும் போர்த்தப்பட்டுள்ளன.

கிழக்கு, தென்கிழக்கு ஆசிய மக்களிடம் தண்டு தாழ்ந்தும், நுனி உருண்டும், மூக்கு மடல்கள் அகன்றும் இருப்பது பரவலாகக் காணப்படும் அமைப்பாகும். தோலும் அதன் அடியிலுள்ள கொழுப்பு அடுக்கும் தடித்திருக்க, உள்ளே நுனியைத் தாங்கும் குருத்தெலும்பு மெலிந்தும் இடைச்சுவர்க் குருத்தெலும்பு சிறுத்தும் இருப்பதுதான் அறுவை மருத்துவருக்கு அமையும் முதல் சிக்கல். கனத்த துணியை மெல்லிய கழி கொண்டு கூடாரமாக நிறுத்த முயல்பவரின் நிலை அவருடையது. குருத்தெலும்பை நுட்பமாகச் செதுக்கினாலும் தடித்த தோல் அச்செதுக்கலை மறைத்துவிடுவதால், உள்ளிருந்து உறுதியாக முட்டுக் கொடுத்தால் மட்டுமே வெளியே வடிவம் தெரிகிறது. இருப்பினும் ஆசியா முழுவதற்கும் ஒரே மூக்கு என்று எண்ணிவிடலாகாது. இந்தியத் துணைக்கண்டத்தில் தண்டு உயர்ந்து, நடுவில் முண்டு புடைத்து, நுனி கீழ்நோக்கித் தொங்கும் மூக்குகளும் ஏராளம். அத்தகையோருக்கு ஒரு பக்கம் குறைத்தலும் மறுபக்கம் நுனிக்கு முட்டுக் கொடுத்தலும் சேர்ந்தே தேவைப்படுகின்றன.

வேறுபாடு குறைபாடாக்கப்பட்ட வரலாறு

மூக்கின் வடிவம் இடத்திற்கு இடம் வேறுபடுவதற்குத் தட்பவெப்பமும் ஒரு காரணம் என்பதை அறிவியல் நெடுங்காலமாகச் சுட்டிவருகிறது. உள்ளிழுக்கப்படும் காற்றைச் சூடாக்கி ஈரப்படுத்தி நுரையீரலுக்கு அனுப்புவது மூக்கின் பணி. குளிரும் வறட்சியும் மிகுந்த இடங்களில் குறுகிய மூக்கு இப்பணியை எளிதாகச் செய்கிறது, வெப்பமும் ஈரமும் மிகுந்த இடங்களில் அகன்ற மூக்கால் இடையூறு ஏதுமில்லை. நாசித் துளைகளின் அகலம் முன்னோர் வாழ்ந்த நிலத்தின் வெப்பத்தோடும் காற்றின் ஈரத்தோடும் தொடர்புடையது என்பதைத் தெற்காசியர், கிழக்காசியர், மேற்கு ஆப்பிரிக்கர், வட ஐரோப்பியர் ஆகியோரின் முகங்களை முப்பரிமாணப் படங்களாக அளந்து 2017இல் வெளியான ஓர் ஆய்வும் உறுதிப்படுத்தியது.

இந்த இயல்பான வேறுபாட்டை உயர்வு தாழ்வாக மாற்றியதில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இனவியலுக்குப் பெரும் பங்குண்டு. மூக்கின் அகலத்தை அதன் உயரத்தால் வகுத்து நூறால் பெருக்கிப் பெறப்படும் எண்ணை நாசிக் குறியீடு என்று பெயரிட்டு, 70க்குக் குறைந்தால் குறுகிய மூக்கு, 85க்கு மேற்பட்டால் அகன்ற மூக்கு என்று மனிதர்களை வகைப்படுத்தினர். பிரிட்டிஷ் இந்தியாவின் அதிகாரியான ஹெர்பர்ட் ரிஸ்லி, மூக்கு அகலமாக ஆக ஆகச் சாதிப் படிநிலை தாழ்கிறது என்று 1891இல் எழுதும் அளவுக்குச் சென்றார். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனும் தென்னிந்திய மக்கள் பலரின் மூக்கை அளவுகோல் கொண்டு அளந்து குறித்துவைத்தவர். 1909இல் வெளியான அவருடைய தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்னும் பெருந்தொகுப்பில் அவ்வளவுகளை இன்றும் காணலாம். இத்தகைய இனக் கொள்கைகளை அறிவியல் கைவிட்டு வெகுகாலம் ஆகிவிட்ட போதிலும், உயர்ந்த தண்டும் குறுகிய மடலும்தான் அழகு என்ற எண்ணம் மட்டும் திரைப்படங்கள், விளம்பரங்கள், கைப்பேசிச் செயலிகள் வழியாக நிலைத்துவிட்டது.

மூக்கு அறுவையின் தொடக்கமோ அழகோடு தொடர்புடையதன்று. தண்டனையாகவும் பழிவாங்கலாகவும் மூக்கை அறுக்கும் கொடிய வழக்கம் நிலவிய இந்தியாவில், இழந்த மூக்கை மீட்டுக் கொடுக்கும் தேவையே இக்கலையைத் தோற்றுவித்தது. மூக்கின் அளவுக்கு ஓர் இலையை வெட்டி, அதே அளவில் கன்னத்துத் தோலை ஒரு முனை பற்றியிருக்கும்படி அறுத்துத் திருப்பி மூக்கில் பொருத்தி, மூச்சுவிடுவதற்கு ஆமணக்குத் தண்டுகளைச் செருகும் முறையைச் சுசுருத சம்ஹிதை விவரிக்கிறது. திப்பு சுல்தானின் படையிடம் சிக்கி மூக்கை இழந்த கவாஸ்ஜி என்னும் மாட்டு வண்டிக்காரருக்கு, செங்கல் அறுக்கும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் புனே நகருக்கு அருகே நெற்றித் தோலைக் கொண்டு மூக்கு அமைத்துக் கொடுத்த செய்தி 1794 அக்டோபரில் லண்டன் இதழொன்றில் படத்துடன் வெளியாயிற்று. அதனைப் படித்த ஜோசப் கார்ப்யூ என்னும் ஆங்கிலேய மருத்துவர் 1814இல் அம்முறையைக் கையாண்டு 1816இல் நூலாக வெளியிட, ஆசியாவின் கலை ஐரோப்பாவில் வேரூன்றியது.

அழகுக்கான மூக்கு அறுவை அதற்குப் பின்னரே வந்தது. அமெரிக்காவின் ஜான் ஆர்லாண்டோ ரோ 1887இல் நாசித் துளை வழியாகவே அறுத்துத் தழும்பின்றி வடிவத்தை மாற்றும் முறையை வெளியிட்டார். யூதராகப் பிறந்த ஜாக் ஜோசப், பெர்லினில் 1898 முதல் தண்டைக் குறைக்கும் அறுவையை முறைப்படுத்தினார். தம் மூக்கைக் கொண்டே யூதர் என்று அடையாளம் காணப்பட்டு இழிவுக்கு ஆளானவர்கள் பலர் அவரை நாடிச் சென்றனர் என்பது, மூக்கு அறுவைக்கும் சமூக அழுத்தத்திற்கும் உள்ள உறவு தொடக்கத்திலேயே அமைந்துவிட்டதைக் காட்டுகிறது. தண்டை உயர்த்த வேண்டிய ஆசிய நாடுகளிலோ உருக்கிய பாரஃபின் மெழுகை ஊசி வழியாகச் செலுத்தும் முறை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவி, அம்மெழுகு இடம்பெயர்ந்தும் கட்டியாக இறுகியும் முகங்களைச் சிதைத்தது. யானைத் தந்தம் முதலிய பொருள்களும் முயன்று பார்க்கப்பட்டன. சிங்கப்பூர் அறுவை மருத்துவர் கூ பூ சாய், சிலிக்கோன் கொண்டு ஆசியரின் மூக்குத் தண்டை உயர்த்தும் முறையை 1964இல் மருத்துவ இதழில் விளக்கிய பின்னர், அப்பொருளே ஆசியாவெங்கும் முதலிடம் பெற்றது.

உள்ளே வைக்கப்படும் பொருள்

சிலிக்கோன் மலிவானது, கத்தியால் எளிதில் செதுக்கத்தக்கது, வேண்டாதபோது வெளியே எடுப்பதற்கும் தொல்லை தராதது. உடல் அதனைத் தன்னோடு ஒட்டவிடாமல் சுற்றிலும் ஒரு மெல்லிய உறையைப் பின்னி ஒதுக்கிவைப்பதால், அது அசையவும் சரியவும் இடமுண்டு. ஒரு காலத்தில் தண்டையும் நுனியையும் ஒருசேரத் தூக்குவதற்காக ‘ட’ வடிவில் வார்த்த சிலிக்கோன் துண்டுகளைப் பயன்படுத்தினர். அவற்றின் முனை நுனித் தோலை இடைவிடாது அழுத்த, ஆண்டுகள் செல்லச் செல்ல அங்கே தோல் மெலிந்து, பளபளத்து, சிவந்து, கடைசியில் துண்டு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே எட்டிப்பார்த்த நிகழ்வுகள் பல. அதனால் இன்று சிலிக்கோனை விரும்பும் மருத்துவர்களும் நேரான துண்டைத் தண்டின் மீது மட்டும் வைத்து, நுனிக்கு நோயாளியின் சொந்தக் குருத்தெலும்பையே பயன்படுத்துகின்றனர்.

கோர்டெக்ஸ் என்னும் வணிகப் பெயரால் அறியப்படும் மற்றொரு பொருள், இரத்தக் குழாய் அறுவையில் பயன்பட்டுப் பின்னர் மூக்குக்கு வந்தது. அதன் நுண்துளைகளுக்குள் திசு ஓரளவு வளர்ந்து பற்றிக்கொள்வதால் அது எளிதில் நகர்வதில்லை. ஆயினும் அதே துளைகளில் நோய்க்கிருமி புகுந்துவிட்டால் மருந்தால் விரட்டுவது கடினம், பொருளை எடுத்தே தீர வேண்டும். செயற்கைப் பொருளில் தொற்று ஏற்பட்டும், மாற்றி மாற்றி அறுவை செய்தும், சுற்றியுள்ள உறை சுருங்கத் தொடங்கினால் நுனி மேல்நோக்கி இழுக்கப்பட்டு, நாசித் துளைகள் எதிரில் இருப்பவருக்கு நேராகத் தெரியும் குட்டை மூக்கு உண்டாகிறது. ஆசிய மூக்கு அறுவையில் திருத்துவதற்கு மிகக் கடினமான நிலைகளுள் ஒன்று இது.

சொந்தக் குருத்தெலும்பு மூன்று இடங்களிலிருந்து கிடைக்கிறது. முதலாவது, மூக்கின் இடைச்சுவர். மேலும் முன்னும் ‘ட’ போன்ற சட்டமாகக் குறைந்தது ஒரு சென்டிமீட்டர் அகலத்தை விட்டுவைத்தே அதிலிருந்து துண்டு எடுக்க வேண்டும், தவறினால் மூக்கே உள்வாங்கிவிடும். இரண்டாவது, காது மடலின் உட்குழிவு. இயல்பாகவே வளைந்த அக்குருத்தெலும்பு நுனிக்குப் பொருந்தும், தண்டுக்குப் போதாது. மூன்றாவது, விலா எலும்பின் முன்முனையில் உள்ள குருத்தெலும்பு. ஆசிய மூக்குக்குத் தேவையான அளவும் உறுதியும் தாராளமாகக் கிடைப்பது இங்கிருந்துதான்.

விலாக் குருத்தெலும்பை எடுக்கும் முறை பொறுமையைச் சோதிப்பது. மார்புக்குக் கீழே சில சென்டிமீட்டர் நீளத்திற்குத் தோலைக் கீறி, பெரும்பாலும் ஆறாவது அல்லது ஏழாவது விலாவின் குருத்தெலும்பை அதன் உறையிலிருந்து பிரித்தெடுக்கும் மருத்துவர், அந்தக் குழியை உப்புநீரால் நிரப்புகிறார். மயக்க மருத்துவர் நுரையீரலை ஊதிப் பெருக்கும்போது நீரில் குமிழி எழாவிட்டால் நுரையீரல் உறையில் துளை விழவில்லை என்று உறுதியாகிறது. எடுத்த துண்டைச் சில மில்லிமீட்டர் தடிமனுள்ள பட்டைகளாக அறுத்து உப்புநீரில் இட்டுச் சற்றுநேரம் காத்திருந்தால், சில பட்டைகள் வளையத் தொடங்கும், சில நேராகவே கிடக்கும். நேரானவை தண்டுக்கும் முட்டுக்கும் போக, வளைந்தவை வேறு இடங்களுக்குப் பயன்படுகின்றன. குருத்தெலும்பின் வெளிவிளிம்புக்கும் நடுவுக்கும் உள்ள இழுவிசை வேறுபாடே இவ்வளைவுக்குக் காரணம் என்பதையும், நடுப்பகுதியிலிருந்து சமச்சீராகச் செதுக்கினால் வளைவு குறையும் என்பதையும் கிப்சன், டேவிஸ் என்னும் இருவர் 1958இலேயே விளக்கினர். இத்தனை கவனத்திற்குப் பின்னரும் மாதங்கள் கழித்துத் தண்டு ஒரு பக்கம் கோணிவிடும் அபாயம் முற்றிலும் நீங்குவதில்லை. மார்பில் வலியும் தழும்பும் தனி. குருத்தெலும்பைப் பொடிப்பொடியாக நறுக்கி, காதுக்கு மேலுள்ள மெல்லிய தசையுறையில் பொதிந்து தண்டில் வைக்கும் முறை, இவ்வளைவுத் தொல்லையைத் தவிர்ப்பதற்காகவே பலராலும் கையாளப்படுகிறது.

நுனியை நீட்டுவதற்கு, இடைச்சுவரின் முன்விளிம்போடு ஒரு குருத்தெலும்புப் பட்டையை இணைத்துத் தைத்து முன்னும் கீழும் தள்ளுவர். புதிய நுனி அதன் மேல் கட்டப்படுகிறது. அகன்ற மடல்களைக் குறைக்க, மடல் கன்னத்தோடு சேரும் மடிப்பில் சிறு ஆப்பு வடிவத் தோலை நீக்குவது நியூயார்க்கின் ராபர்ட் வெயர் 1892இல் விளக்கிய பழைய முறையின் தொடர்ச்சியாகும். ஓரிரு மில்லிமீட்டர் மிகுந்து அறுத்துவிட்டாலும் துளை சுருங்கி மூச்சுக்கு இடர் வரும் என்பதாலும், சுருங்கிய துளையை மீண்டும் விரிப்பது அரிது என்பதாலும், குறைவாக அறுப்பதே அறிவுடைமை.

ஊசியால் உயரும் மூக்கு

அறுவையே இன்றி, ஹயலுரானிக் அமிலம் கலந்த கூழை ஊசி வழியாகச் செலுத்தித் தண்டை உயர்த்தும் ஃபில்லர் முறை சில நிமிடங்களில் முடிவதாலும் உடனே பலன் தெரிவதாலும் ஆசிய நகரங்களில் பெருகியுள்ளது. பலன் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளுக்கே நிற்கும். எளிமையாகத் தோன்றும் இம்முறையில் மறைந்திருக்கும் ஆபத்து பெரிது. மூக்குத் தண்டின் இரத்தக் குழாய்கள் கண்ணுக்குச் செல்லும் குழாய்களோடு இணைந்திருப்பதால், ஊசி முனை தவறிக் குழாய்க்குள் புகுந்து கூழ் அழுத்தத்தோடு உள்ளே செல்லும்போது அது பின்னோக்கிப் பாய்ந்து விழித்திரைக்கு வரும் இரத்தத்தைத் தடுத்துவிடக்கூடும். அவ்வாறு தடைபட்டால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்திற்குள் விழித்திரை மீளா நிலையை அடைகிறது. தோல் கருகி அழுகும் நிலையும் நேர்வதுண்டு. கூழைக் கரைக்கும் ஹயலுரானிடேஸ் என்னும் நொதி மருந்து கைவசமில்லாத இடத்திலும், முறையான பயிற்சி பெறாதவரிடத்திலும் மூக்கில் ஊசி போட்டுக்கொள்வது கண்ணைப் பணயம் வைப்பதற்கு ஒப்பாகும்.

சியோல் காட்டும் பாடம்

இத்துறையின் தலைநகர் என்று தென்கொரியாவின் சியோல் நகரைச் சொல்லலாம்; அதன் காங்னாம் பகுதியில் சுரங்க ரயில் நிலையத்தை விட்டு வெளியேறும் பயணியை அடுக்கடுக்கான அழகு அறுவை மருத்துவமனைகள் வரவேற்கின்றன. வேலைக்கான விண்ணப்பத்தில் ஒளிப்படம் ஒட்டும் வழக்கம் நீண்டகாலம் நிலவிய அந்நாட்டில், முகத்தைத் திருத்திக்கொள்வது பிழைப்புக்கான முதலீடாகவே கருதப்பட்டது. விண்ணப்பதாரரின் தோற்றம், உயரம், எடை பற்றிய விவரங்களைத் தனியார் நிறுவனங்கள் கேட்பதற்கு 2019இல் அங்கு சட்டத்தடை வந்தது. நம்முடைய சாமுத்திரிகா லட்சணத்தைப் போல முகக்குறி பார்க்கும் மரபும் கொரியரிடம் உண்டு. உருண்டு திரண்ட நுனியுள்ள மூக்கைச் செல்வம் சேர்க்கும் மூக்கு என்று அம்மரபு போற்ற, அதே நுனியைக் கூராக்கித் தருமாறு இளைய தலைமுறை மருத்துவரைக் கேட்கிறது.

அரசும் இத்தொழிலை இரு கைகளாலும் நடத்திவருகிறது. அயல்நாட்டு நோயாளிகளை ஈர்ப்பதற்கு 2009இல் சட்டம் வழிவிட்டது. 2011இல் மூக்கு உள்ளிட்ட அழகு அறுவைகள் சிலவற்றுக்குப் பத்து விழுக்காடு மதிப்புக்கூட்டு வரி விதிக்கப்பட்டது. பெயர்பெற்ற மருத்துவர் கலந்துரையாடிவிட்டு, நோயாளி மயங்கிய பின்னர் வேறொருவர் கத்தியைப் பிடிக்கும் ஆவி அறுவை என்னும் மோசடி வெளிப்பட்டு மக்கள் கொதித்ததன் விளைவாக, முழு மயக்கத்தில் நடக்கும் அறுவைகளுக்கு அறுவை அரங்கில் கண்காணிப்புக் கேமரா அமைக்க வேண்டும் என்னும் சட்டம் 2021இல் நிறைவேறி 2023 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. நோயாளியோ காப்பாளரோ கேட்டால் மருத்துவமனை பதிவு செய்தாக வேண்டும்.

எது நல்ல மூக்கு

மூக்கின் அகலம் இரு கண்களுக்கு இடைப்பட்ட தொலைவுக்குச் சமமாக இருக்க வேண்டும் என்பன போன்ற செவ்வியல் விதிகளை ஓவியர்கள் வகுக்க, மருத்துவர்கள் எடுத்தாண்டனர். கனடாவின் லெஸ்லி ஃபார்கஸ் 1985இல் இவ்விதிகளை வட அமெரிக்க வெள்ளையரின் முகங்களில் அளந்து பார்த்தபோது, அவர்களிலேயே பெரும்பான்மையோருக்குப் பல விதிகள் பொருந்தவில்லை. யாருக்கு வகுக்கப்பட்டதோ அவருக்கே பொருந்தாத அளவை ஆசியருக்கு அளவுகோலாக்குவது பொருளற்றது. தண்டு தொடங்கும் இடம் ஐரோப்பியருக்கு மேலிமையின் மடிப்பை ஒட்டி அமைய, கிழக்காசியருக்குக் கண்மணியின் மட்டத்தை ஒட்டித் தாழ அமைந்தால்தான் முகத்தோடு இயைகிறது. அதற்கு மேல் உயர்த்தினால் நெற்றியிலிருந்து தண்டு நேராக இறங்கி, செதுக்கிய பொம்மையின் சாயல் வந்துவிடுகிறது. ஒரே அச்சில் வார்த்த மூக்குகளைப் பொருத்திய காலத்தைக் கடந்து, நோயாளியின் நெற்றி, கன்னம், மோவாய் ஆகியவற்றோடு இயையும் மூக்கை அமைப்பதே நோக்கம் என்னும் நிலைப்பாட்டுக்கு இத்துறையின் அறிஞர்கள் இன்று வந்துசேர்ந்துள்ளனர்.

அறுவைக்குப் பின் ஏறத்தாழ ஒரு வாரத்தில் கட்டும் தையலும் பிரிக்கப்படுகின்றன; கண்களைச் சுற்றிய கன்றல் இரண்டு வாரங்களில் மறைகிறது; வீக்கம் முழுவதும் வடிந்து உண்மையான வடிவம் தெரிய ஓராண்டாகும், தடித்த தோலுக்கு அதனினும் கூடுதலாகலாம். ஆதலால் மூன்றாம் மாதத்தில் கண்ணாடியைப் பார்த்து மனம் வெதும்பி மறு அறுவைக்கு ஓடுவது தவறு. தொற்று போன்ற அவசரம் இல்லாவிடில் ஓராண்டு பொறுப்பதே முறை. பிறர் கண்ணுக்குத் தெரியாத குறையை எண்ணி நாள் முழுவதும் வருந்தும் உருவத் திரிபு மனநோய் உடையவர்களுக்கு எத்தனை அறுவை செய்தாலும் நிறைவு கிட்டுவதில்லை. அத்தகையோரை மனநல மருத்துவரிடம் அனுப்புவதே நேர்மையான மருத்துவரின் கடமை.

மூக்கும் முழியுமாக இருக்க விரும்புவதில் குற்றமேதும் இல்லை. அவ்விருப்பத்தோடு மருத்துவரை நாடுபவர் சில கேள்விகளுக்கு விடை பெறாமல் மேசையில் படுக்கலாகாது. கத்தியைப் பிடிக்கப்போவது யார், உள்ளே வைக்கப்படும் பொருள் எது, அது சொந்தக் குருத்தெலும்பானால் எங்கிருந்து எடுக்கப்படும், தொற்று வந்தால் என்ன செய்வார்கள், மூச்சுப் பாதை பாதிக்கப்படுமா, மறு அறுவை தேவைப்பட்டால் பொறுப்பேற்பவர் யார் என்பனவே அக்கேள்விகள். வைத்த பொருளின் பெயரும் அளவும் எழுதப்பட்ட அறுவைக் குறிப்பின் படியைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துவதும் இன்றியமையாதது. பத்து ஆண்டுகள் கழித்து மூக்கில் தொல்லை தோன்றினால், அப்போது சிகிச்சை அளிக்கும் மருத்துவர் முதலில் கேட்பது அந்தக் குறிப்பைத்தான்.